ஆளில்லாமல் பழுதாகிக் கிடக்கும் வீடுகள்: கன்னியாகுமரி மாவட்டத்து உரிமையாளர்களும் அவர்களுக்கு உதவுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் ஈட்டிய பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து மூன்று நான்கு பழைய வீடுகளை வாங்கிவிட்டு, இன்று அவற்றில் குடியிருக்க ஆளும் இல்லாமல், பழுது பார்க்கப் பணமும் இல்லாமல் தவிப்பவர்கள் இம்மாவட்டத்தில் பலர். அவர்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் அண்ணன் தம்பி, மச்சினன் போன்ற உறவினர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. விளக்கத்துக்காக ஒரு கற்பனை உரிமையாளரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாகர்கோவில் கோட்டாறில் தெருவை ஒட்டி ஓர் ஓட்டு வீடு, தக்கலைக்கு அருகே 12 சென்ட் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றித் தோட்டமுள்ள மனையில்) மரவேலை மிகுந்த ஒரு பழைய வீடு, குளச்சல் பக்கம் கடலுக்கு அண்மையில் ஒரு கான்கிரீட் வீடு, மார்த்தாண்டத்தில் பாதியில் நின்றுபோன ஒரு மாடி வீடு என நான்கு உள்ளன. வங்கிக் கடன் பாக்கி 30 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு. அதாவது, நான்கு வீடுகளும் பூட்டிக் கிடக்கும்போதே மாதம் 22,500 ரூபாய் வட்டியாக மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

உதவ வருபவர் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

யோசனை எதுவும் சொல்லாமல், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு நான்கு வீடுகளையும் நேரில் பார்க்க வேண்டும். மழை பெய்யும் நாளில் பார்த்தால் மிகவும் நல்லது. எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதை வெயில் நாளில் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஒவ்வோர் அறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், பத்திர நகல், பட்டா ஆகியவற்றை வீடுவாரியாகத் தனித்தனிக் கோப்பில் இட வேண்டும். கடனில் இருப்பவர் இந்தக் காகிதங்களைப் பல மாதங்களாகத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அதற்காக அவரைக் கடிந்துகொள்வதால் ஒரு பயனும் இல்லை.

எல்லா வீடுகளையும் பழுது பார்த்து வாடகைக்கு விட்டால் கடன் அடைந்துவிடாதா?

அடையாது. கோட்டாறு வீட்டுக்கு 3 லட்சம் செலவிட்டால் மாதம் 9,000 ரூபாய் வாடகை வரும் என்று கொண்டால், செலவு 33 மாதங்களில் திரும்பிவிடும். தக்கலை வீட்டுக்கு 10 லட்சம் செலவிட்டு 7,000 ரூபாய் வாடகை பெற்றால், போட்ட பணத்தை எடுக்கவே ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த வீடு இன்னொரு முறை பழுதாகியிருக்கும். பழுதுபார்க்கும் செலவை மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். விடை 36-க்கு மேல் போனால் அந்த வீட்டில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கடன் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஆகவே பெரும்பாலானோருக்கு வழி ஒன்றுதான்: ஒரு வீட்டை விற்று, ஒரு வீட்டைச் சரிசெய்து, மற்றவற்றை மேலும் கெடாமல் மூடிவைப்பது.

அப்படியானால் மிக மோசமாகக் கிடக்கும் வீட்டை முதலில் விற்றுவிடலாமா?

ஏறத்தாழ எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏறத்தாழ எல்லோரும் தவறுவதும் இங்கேதான். கடன்பட்டவர் விலைக்கு இணையாகக் காலத்தையும் பார்க்க வேண்டும். இடிந்த வீட்டை வாங்க வருபவர் கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் தராமல், மனையை மட்டும் சென்ட் கணக்கில் விலை பேசுவார். அதிலும் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு ஓராண்டு இழுத்தடிப்பார். நம் கற்பனை உரிமையாளருக்கு அந்த ஓராண்டின் வட்டி மட்டும் 2,70,000 ரூபாய்.

விற்க வேண்டியது பத்திரம் தெளிவாக இருக்கும் வீடு. அது நான்கில் நல்ல வீடாகவே இருந்தாலும், மனைவிக்குப் பிடித்த வீடாகவே இருந்தாலும் அதைத்தான் விற்க வேண்டும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, தனிப் பட்டா மூன்றும் ஒரே அளவையும் ஒரே எல்லையையும் காட்டினால், வாங்குபவருக்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும். வங்கிக் கடனோடு வருபவரே நியாயமான விலை தருபவர். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு வருபவர் உங்கள் நெருக்கடிக்குத்தான் விலை பேசுவார்.

இந்த மாவட்டத்துப் பத்திரங்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

நிறைய உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதனால் முன் ஆதாரங்கள் பல மலையாள எழுத்திலும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒரு மூத்த ஆவண எழுத்தரைக் கொண்டு அவற்றைத் தமிழில் பெயர்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டால், வாங்குபவரின் வழக்கறிஞர் எழுப்பும் ஐயங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் மறு அளவை எண்ணும் இருப்பது இங்கே வழக்கம். இரண்டும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும்.

அடுத்தது வாரிசுரிமை. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, ஸ்திரீதனம் பெற்ற மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு இல்லை என்று எண்ணியே பல குடும்பங்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டன. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1951 முதலே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று கூறிவிட்டது. உயில் எழுதாமல் இறந்தவரின் மகன்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வாங்கப்பட்ட வீடு என்றால், சகோதரிகள் தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் உண்டா என்று பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் மருமக்கத்தாய முறை (சொத்து தாய்வழியில் சகோதரியின் மக்களுக்குப் போகும் வழக்கம்) இருந்ததால், அங்கே உரிமைச் சங்கிலி இன்னும் பின்னோக்கிப் போகும். தக்கலை வீட்டை வாங்கியபோது இவற்றையெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்றால், அதை அவசரமாக விற்கவும் முடியாது. எனவே கையெழுத்துகளைத் தேடும் வேலையை இன்றே தொடங்கிவிட வேண்டும்.

பூட்டிய வீடு ஏன் இவ்வளவு விரைவாகக் கெடுகிறது?

ஆள் இருக்கும் வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றிரவே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் அது தெரிய இரண்டு மழைக்காலம் ஆகும். இம்மாவட்டத்துக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஓடு நகர்ந்த இடத்தில் பட்டியல் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்) நனைகிறது; பிறகு கழுக்கோல் (பட்டியலைத் தாங்கும் சாய்வு மரம்) நனைகிறது; கழுக்கோல் சுவரின் மேல் அமரும் இடத்தில் ஈரம் தங்கிக் கரையான் ஏறுகிறது. அந்த ஒரு கழுக்கோல் இறங்கியதும் மேலே உள்ள ஓடுகள் வரிசையாகச் சரிகின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் போன்ற பெருங்காற்று வந்தால் ஒரே இரவில் கூரை போய்விடும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் புயலே வராவிட்டாலும், கவனிப்பாரற்ற ஓட்டுக் கூரை ஒரு சில ஆண்டுகளில் அதே நிலைக்குத்தான் வருகிறது.

ஆகவே, ஒரு வீட்டை வாடகைக்கு விடப்போவதில்லை என்றாலும் மூன்று வேலைகளைச் செய்துவிட வேண்டும். ஓட்டைப் பிரித்து மாற்றி, முகட்டோட்டைச் சாந்து வைத்துப் பூச வேண்டும். கூரைமேல் தாழ்ந்து நிற்கும் தென்னை, ரப்பர், பலாக் கிளைகளை அகற்றி, தண்ணீர் இறங்கும் தகரப் பாத்தியில் சருகு அடையாமல் பார்க்க வேண்டும். சுவரைச் சுற்றித் தண்ணீர் வெளியேற ஓடை வெட்ட வேண்டும். இவை மூன்றையும் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடித்துக்கொள்வது நல்லது. ஜூன் பிறந்த பிறகு கொத்தனாரும் ஆசாரியும் கிடைத்தாலும் கூரையைத் திறக்க முடியாது. சுண்ணாம்பு அடிப்பது, தளத்துக்கு டைல்ஸ் போடுவது போன்றவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள் என்பதால் உரிமையாளர் அங்கிருந்துதான் தொடங்க விரும்புவார். அதைத் தடுப்பது உதவ வருபவரின் கடமை.

குளச்சல் வீட்டின் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. மேலே பூசிவிட்டால் போதுமா?

போதாது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உப்பும்போது மேலுள்ள கான்கிரீட் பிளந்து விழுகிறது. அதன்மேல் சிமெண்ட் பூசுவது புண்ணை ஆற்றாமல் துணியால் மறைப்பது போன்றது. சில மழைக்காலங்களில் பூச்சும் சேர்ந்து விழும், கீழே குழந்தை நின்றால் அதன் தலையில் விழும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்புவதே முறை. கம்பியின் பருமன் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தரும் வரை அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் மனையாக இருந்தால், இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்ற எண்ணத்துக்கும் முன்னதாக அனுமதியை விசாரிக்க வேண்டும்.

தக்கலை வீட்டின் கதவு, உத்திரம் போன்ற பழைய மரங்களை விற்றுப் பணம் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் 'மொத்தமாக இவ்வளவு' என்று பேசுபவரிடம் அல்ல. தேக்கு, அயனி, பலா ஆகியவற்றில் செய்த பழைய கதவு, நிலை, மச்சுப் பலகை, உத்திரம் ஆகியவற்றுக்கு இன்றும் தேவை இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இந்நாட்டு மரவேலை எத்தனை காலம் நிற்கும் என்பது தெரியும். நம்பிக்கையான ஆசாரி ஒருவரை வைத்து ஒவ்வொரு மரத்தையும் கன அடிக் கணக்கில் அளந்து, சித்திரவேலை உள்ளவற்றைத் தனியே எழுதி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் மரமும் அடமானத்தின் பகுதியே. வங்கியின் எழுத்து இல்லாமல் ஒரு கதவைக்கூடக் கழற்றக் கூடாது.

பழுதுபார்க்க அனுமதி வேண்டுமா?

ஓடு மாற்றுதல், அதே உயரத்தில் கூரையை மறுபடி போடுதல், பூச்சு, தளம் போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. அறை கூட்டினாலோ மாடி எழுப்பினாலோ வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த சுயசான்று முறை (உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறுவது) இருப்பதால், மார்த்தாண்டம் வீடு போன்றவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, கட்டியிருப்பது பழைய வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான்.

வாடகைக்கு விடுவதைவிட ஒற்றிக்கு விட்டால் மொத்தப் பணம் கிடைக்குமே?

நாகர்கோவில் வட்டாரத்தில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. ஒற்றி என்றால், குடியிருப்பவர் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பார். காலம் முடிந்ததும் அந்தத் தொகையை வட்டியின்றித் திருப்பித் தர வேண்டும். இதில் பதில் 'ஆம்' என்பதா 'இல்லை' என்பதா என்பது அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது.

கோட்டாறு வீட்டை 5 லட்சத்துக்கு ஒற்றிக்கு விட்டு, அதை 9 விழுக்காட்டு வங்கிக் கடனில் கட்டினால், ஆண்டுக்கு 45,000 ரூபாய் வட்டி மிச்சம். அதாவது மாதம் 3,750. அதே வீட்டுக்கு 9,000 வாடகை வரும் என்றால், மாதம் 5,250 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒற்றித் தொகை 12 லட்சம் கிடைத்தால்தான் இரண்டும் சமமாகும். ஆனால் அதே உரிமையாளர் தனியாரிடம் 'இரண்டு வட்டி'க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வீதம் 5 லட்சம் வாங்கியிருந்தால், அந்தக் கடனுக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி போகிறது. அங்கே ஒற்றிப் பணத்தை வைத்து அதை அடைப்பது வாடகையைவிட லாபம். வீட்டுத் திருமணத்துக்கோ புதுக் காருக்கோ ஒற்றி வாங்குபவரோடு பேசிப் பயனில்லை.

சட்டப்படி ஒற்றி ஓர் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றி பதிவு செய்யப்பட வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பில்லை. ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்த வீட்டை, குடிவருபவரிடம் அதைச் சொல்லாமல் ஒற்றிக்கு விடுவது ஏமாற்று வேலை. நெருக்கடியில் இருப்பவர் இதைச் செய்யும் அபாயம் அதிகம் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதினால் போதாதா?

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும். பதினொரு மாதம் என்ற கணக்கு இதிலிருந்து விலக்குத் தராது. வேறு உடன்பாடு எழுதப்படாத நிலையில், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. யாருக்கு விடுவது என்று கேட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பணிபுரிவோர், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கு வேலைக்குப் போய்வருவோர் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் ஒரு சாதாரண ஓட்டு வீட்டில்கூட ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது தண்ணீர், அடுத்து வண்டி நிறுத்த இடம்.

வங்கி கடிதம் அனுப்பிவிட்டது. இனி என்ன செய்வது?

கடிதத்தைத் திறந்து தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிறது. பிறகு, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழி தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வருகிறது. அதற்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்தால் வங்கி பதில் தர வேண்டும். அந்தக் காலம் முடிந்தால் வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். அந்த நடவடிக்கையை எதிர்த்து மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போக வேண்டும். ஏல அறிவிப்பு வெளியான பிறகு, பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை கைநழுவிவிடுகிறது.

இதில் மிகவும் பயனுள்ளது முதல் 90 நாள். அப்போதே கிளை மேலாளரிடம் போய், 'இந்த வீட்டை விற்கப் போகிறேன்; வாங்குபவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுவார்' என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். கடன் முழுவதும் அடைந்ததும் 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது, நான்கு வழிச்சாலை முடியப் போகிறது, விலை ஏறும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

2025 மே 2-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட துறைமுகத்தால் களியக்காவிளைப் பக்கம் விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். உங்கள் வட்டி மட்டும் நிச்சயமாக ஏறும். ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக்கு மேல் விலை ஏறினால்தான் காத்திருந்ததற்குப் பொருள் உண்டு; பழுதாகும் வீட்டில் கட்டடத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போவதால், மனை விலை அதையும் ஈடுகட்ட வேண்டும். தரகர்கள் இந்தப் பாதிக் கணக்கைச் சொல்வதில்லை.

பூட்டிய வீட்டுக்கும் வருமான வரி உண்டா?

இரண்டு வீடுகள் வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்டி வருமானம் சுழியம் எனக் கொள்ளலாம். மூன்றாவது வீடு முதல், ஆளே இல்லாவிட்டாலும் வாடகைக்கு விட்டதாகக் கருதி வரி கணக்கிடப்படும். வாடகையில் செலுத்திய வீட்டு வரி போக மீதியில் 30 விழுக்காடு கழிவு உண்டு. நீங்கள் உண்மையில் எத்தனை லட்சம் பழுதுபார்க்கச் செலவிட்டாலும் அதற்கு மேல் கழிவு இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதை இங்கு வசிப்பவர் விற்றால், பணவீக்கத்தைக் கணக்கிட்டு 20 விழுக்காடு என்ற பழைய முறையையும் தேர்ந்துகொள்ளலாம்.

உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார். தம்பி விற்றுத் தர முடியுமா?

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். எந்த வீடு, என்னென்ன அதிகாரம் என்று குறிப்பாக எழுத வேண்டும். நான்கு வீடுகளுக்கும் ஒரே பொது அதிகாரம் வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்து வாங்குபவர், விலை 50 லட்சத்துக்குக் குறைவானாலும் வரிப் பிடித்தம் செய்தாக வேண்டும். இதை முன்கூட்டியே பேசாததால் கடைசி நேரத்தில் முறிந்த விற்பனைகள் உண்டு. பிடித்தத்தைக் குறைக்க, வருமான வரி அலுவலரிடம் முன்னதாகவே சான்று பெறலாம்.

அண்டை வீட்டார் புகார் செய்கிறார்கள். வேலியையும் நகர்த்திவிட்டார்கள் போலத் தெரிகிறது.

புகார் நியாயமானது என்றால் அன்றே தீர்த்துவிடுங்கள்: கிணற்றை வலையிட்டு மூடுதல், கொசு வளரும் தொட்டியைக் கவிழ்த்தல், பாம்பு அடையும் புதரை வெட்டுதல் என்ற மூன்றும் இரண்டு நாள் கூலி வேலை. வேலி விஷயத்தில் சர்வேயரை வைத்து அளந்து கல் நட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் மறுப்பின்றி ஒருவர் அனுபவித்துவிட்டால், பிறகு நீதிமன்றத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

உதவும் உறவினர் தம் பணத்தைப் போடலாமா?

போடலாம், எழுதி வைத்துக்கொண்டு. எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, விற்றதும் முதலில் திரும்புமா அல்லது வாடகையில் கழியுமா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்க வேண்டும். அத்தானுக்கும் மச்சினனுக்கும் இடையே எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். அந்த வீட்டில் பங்குள்ள மற்ற உறவினர்கள் நாளை வந்து கேட்கும்போது காட்டுவதற்கு.